என் மனைவிக்கு வாய்த்த நாத்தனார்

ஆஸ்பத்திரியில் ஒருவர் இறந்துபோனால் என்னென்ன செய்ய வேண்டும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை தப்பாமல் சொல்வேன். முதலில் டாக்டரின் கையெழுத்து. பிறகு, தேயிலைத் தோட்டத்து ஆளென்றால், தோட்டத்துத் துரைக்கு அறிவிப்பு. இறந்தவரின் உடுப்புகளை மூட்டையாகக் கட்டி வைப்பது. உரியவர்கள் வந்தால் உடலை ஒப்படைப்பது, வராவிட்டால் அரசாங்கமே புதைப்பது. அரசாங்கம் புதைத்தால் அரசாங்கத் துணி. உரியவர்கள் புதைத்தால் அவர்கள் துணி. இந்த ஒழுங்கில் எங்கேயும் ஓட்டை கிடையாது. ஆயுசில் பாதியை இந்த ஒழுங்கைக் காப்பாற்றுவதில் செலவழித்தேன். அது என்னைக் காப்பாற்றும் என்று யாரும் சொல்லவில்லை; நானாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

பதுளையில் ஆஸ்பத்திரிக் கந்தோரில் சின்னக் குமாஸ்தாவாகச் சேர்ந்து பெரிய குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவன் நான். நான் சேர்ந்தபோது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். மிச்சத் தூரத்துக்கு மாட்டுவண்டி, இல்லாவிட்டால் கால். இப்போது ரயில் ஊருக்கே வந்து ஊதுகிறது. அதில் வந்து இறங்குகிற சொந்தக்காரர்கள், "தனியாவா இருக்கீங்க?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்கிறேன். "உங்களுக்கு வேற யாருமே இல்லையா?" என்பது அடுத்த கேள்வி. அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் நீண்டுவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குக் கலியாணமான வருடத்து மழைக்காலம். நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து காய்ச்சலோடு வந்திருந்த ஒருவன் இறந்துபோனான். செய்தி மேலே போய், மறுநாள் காலைப் பெரட்டில் ஆள் எண்ணி முடிந்த பிறகு கங்காணி சில ஆட்களை அனுப்பினான்: நாலைந்து ஆண்கள், ஒரு கிழவி, இறந்தவனின் மனைவி. உடலை மலைக்குச் சுமந்து போக முடியாது, பதுளையிலேயே புதைத்துவிடுங்கள் என்று கங்காணி சொல்லி அனுப்பியிருந்தான். உரியவள் வந்துவிட்டதால் அரசாங்கத் துணி கிடையாது. உரியவளிடமும் துணி கிடையாது.

அவளுக்கு அப்போது இருபதுக்குள்தான் இருக்கும். திருச்சிப் பக்கத்திலிருந்து சிறு பிள்ளையாகத் தாய் தகப்பனோடு கப்பலேறி வந்தவள். அவர்கள் இரண்டு பேரும் தோட்டத்திலேயே இறந்துபோய்விட்டார்கள். உடன்பிறந்தவர்கள் இல்லை. இதையெல்லாம் கிழவிதான் சொன்னாள். அவள் அழவில்லை. புருஷனின் கால்மாட்டில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் மழை. சேலை உடம்போடு ஒட்டி, தோளில் கிழிந்திருந்தது. எங்கள் கண் அங்கே போகக் கூடாது என்று நான் சுவரைப் பார்த்தேன். மற்ற ஆண்களும் சுவரைப் பார்த்தார்கள். ஒரு சுவரை எத்தனை பேர்தான் பார்த்துக்கொண்டிருப்பது?

கடைத்தெருவில் என் அண்ணனுக்குத் துணிக்கடை இருந்தது. ஓடிப்போய் உடலுக்கு ஒரு வெள்ளைத் துணியும், அவளுக்கு ஒரு நூல் சேலையும் வாங்கி வந்தேன். வெள்ளைத் துணியைக் கிழவியிடம் கொடுத்தேன். சேலையை அவளிடம் நீட்டினேன். அவள் கையை எடுக்கவில்லை. எடுத்தால் பாதங்களை விட வேண்டும். குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தாள். சேலையைப் பிரித்து நானே அவள் தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டேன்.

அதுவரை மழையைப் பற்றியும் மண்வெட்டியைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்த ஆண்கள் வாயை மூடினார்கள். தலைப்பாகை கட்டியிருந்தவன் அதை அவிழ்த்தான். கிழவி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஐயாவுக்குக் கூடப் பொறந்த பொம்பளப் புள்ள இருக்கா?"

"இல்லை."

"இப்ப இருக்கு" என்றாள்.

புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை வர வேண்டும். கோடி என்பார்கள். அண்ணனோ தம்பியோ அதைக் கொண்டுவந்து, பிணத்தின் முன்னால், ஊர் பார்க்க அவள் மேல் போர்த்த வேண்டும். இவள் நாதியற்றவள் அல்ல, இவளுக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது என்று ஊருக்குச் சொல்கிற சேலை அது. போர்த்தியவன் ஆயுசுக்கும் அவள் பிறந்த வீடு. இது எனக்குத் தெரியாததல்ல. எங்கள் குடும்பம் கோடிச் சேலை விற்றே பிழைத்த குடும்பம். ஆனால் நான் படித்தது மிஷன் பள்ளியில். அங்கே சாவைப் பற்றி நிறையச் சொல்லிக்கொடுத்தார்கள். சேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மழையில் நனைந்தவளுக்கு மாற்றுத்துணி என்றுதான் நான் கொண்டுவந்தேன்.

அதை அந்த இடத்திலேயே விளக்கியிருக்கலாம். ஆனால் அவள் அப்போதுதான் முதன்முறையாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "அண்ணே" என்றாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. வந்த அழுகையை நிறுத்தி, இது கோடி அல்ல, உடுப்பு என்று திருத்தம் சொல்ல எந்தப் பெரிய குமாஸ்தாவாலும் முடியாது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே கேட்டாள்.

"நாத்தனார் இல்லாத வீடுன்னுதான் எங்கப்பா என்னை இங்க குடுத்தாரு. நீங்க ஆஸ்பத்திரியில இருந்து ஒண்ணக் கொண்டாந்துட்டீங்க."

"தெரியாமல் நடந்துவிட்டது" என்றேன்.

"தெரியாம தாலி கட்டிட்டேன்னு எவனாவது சொன்னா விட்டுருவாங்களா?"

அண்ணன் வேறு மாதிரி ஆறுதல் சொன்னார். "ஒரு சேலைதானே? தோட்டத்து ஆளுக. சேலை கிழிஞ்சா மறந்துருவா."

அவள் மறக்கவில்லை. துக்க காலம் முடிந்த பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக் கொல்லையில், கிணற்றடிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் ஒரு கட்டு வல்லாரைக் கீரை. பிறந்த வீட்டுக்கு வருகிறவள் வெறுங்கையோடு வரக் கூடாது என்ற மரியாதை. வாசல் பக்கம் வராமல் கொல்லைப் பக்கம் வந்தது எங்கள் சாதிக்குக் கொடுத்த மரியாதை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யத் தெரிந்திருந்தது அவளுக்கு.

"அண்ணி" என்று கூப்பிட்டாள்.

என் மனைவி அடுக்களை வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றாள். "யாருக்கு யாரு அண்ணி?"

"அண்ணன் பொண்டாட்டி அண்ணிதானுங்களே? வேற எப்பிடிக் கூப்புட? கங்காணின்னா?"

என் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே வந்ததை நான் பார்த்தேன். அன்றைக்கு வெளியிலேயே இலை போட்டுச் சோறு வைத்தாள். அடுத்த முறையும் வெளியில்தான். என் மனைவியைத் தெய்வப் பிறவி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவள் அரிசியில் கல் பொறுக்குவதுபோல மனிதர்களையும் பொறுக்கித்தான் பார்ப்பாள். நாத்தனாருக்கென்று ஒரு பித்தளைத் தம்ளரைத் தனியாகப் பரணோரம் கவிழ்த்து வைத்திருந்தாள்.

பிறகு ஒரு ஞாயிறு. நான் கூடத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி கொல்லையில் நின்ற நாத்தனாரோடு ஏதோ வாக்குவாதம் செய்துவிட்டு, உள்ளே வந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வெளியிலிருந்து குரல் வந்தது.

"அண்ணி, பருப்பு அடிப்பிடிக்குது."

"ஒண்ணும் பிடிக்கல."

"பிடிக்குதுன்னா பிடிக்குது. உங்களுக்குச் சளி."

என் மனைவி சட்டியைத் திறந்து பார்த்தாள். பிடித்துத்தான் இருந்தது. அடுப்பிலிருந்து ஒரு விறகை வெளியே இழுத்துப் போட்டாள். பிறகு, "மூக்கு உள்ள வந்தாச்சு. ஆள் மட்டும் எதுக்கு வெளிய நிக்குது? வந்து கிண்டித் தொலை" என்றாள்.

எங்கள் வீட்டில் அவள் அடுக்களைக்குள் வந்தது அப்படித்தான். பரணோரத்துப் பித்தளைத் தம்ளர் எப்போது மற்றத் தம்ளர்களோடு கலந்தது என்று எனக்குத் தெரியாது. யாரும் அறிவிப்பு ஒட்டவில்லை.

அதற்குப் பிறகு அவள் வந்த எந்த ஞாயிறும் சண்டையில்லாமல் போகவில்லை. தேங்காய்ச் சம்பலில் உப்பு, பானையில் கரி, சேலை கட்டும் விதம், என் அப்பாவின் திவசத்துக்கு எத்தனை காய் என்று எதுவும் அவர்களுக்குப் போதும். தோட்டத்தில் கங்காணியின் முன் வாய் திறக்காதவள் இங்கே வந்து என் மனைவியின் முன் கொழுந்துக் கூடையைக் கொட்டுவதுபோல வாயைக் கொட்டினாள். நாத்தனாரின் அதிகாரத்தை ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டாள். என் மனைவியும் அண்ணிக்குரிய பதிலை ஒன்றுவிடாமல் கொடுத்தாள். ஒருவருக்கு உரிமை இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பொழுது சாயும் முன் மலையேற வேண்டும் என்று அவள் கிளம்பும்போது, என் மனைவி அவள் மடியில் அரிசியும் மிளகாய் வற்றலும் கட்டி அனுப்புவாள். "உங்கண்ணன் சம்பாத்தியந்தான். எங்கப்பன் வீட்டுதில்ல, முறைக்காத."

இதனால் தோட்டத்தில் அவளுக்கு என்ன கிடைத்தது என்பதை அந்தக் கிழவி ஒருமுறை மருந்துக்கு வந்தபோது சொன்னாள். தனியாக இருக்கிற இளம் பெண்ணுக்கு லயத்து வரிசை அறையில் தாழ்ப்பாள் போதாது. கங்காணி அவளை ஒருவனோடு சேர்த்துவைக்கப் பார்த்தானாம். "கேக்க நாதி இல்லாதவதானே" என்றானாம். கிழவி நடுவில் போய், "யாருக்கு நாதி இல்ல? அண்ணன் பதுளையில கந்தோர்ல இருக்காரு. மாசாமாசம் பொறந்த வீட்டுக்குப் போய் வாரா, உன் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்றாளாம். அதோடு அந்தப் பேச்சு நின்றது. நான் எதுவும் செய்யவில்லை. பதுளையில் இருந்தேன், அவ்வளவுதான். அவள் மாதாமாதம் வந்துபோனது, அது ஊருக்குத் தெரிந்தது, அதுதான் அவளுக்கு வேலி.

அவள் எங்கள் அடுக்களையில் புழங்குவது தெரிந்ததும் அண்ணன் குடும்பம் எங்கள் வீட்டில் கை நனைப்பதை நிறுத்தியது. என் மனைவி, "அரிசி மிச்சம்" என்றாள்.

எங்களுக்கு ஒரு குழந்தை பிறந்தது. பிறக்கும்போதே உயிரில்லை. சொந்தக்காரப் பெண்கள் வந்து வரிசையாக ஆறுதல் சொன்னார்கள். அடுத்தது தங்கும் என்றார்கள். பெண் குழந்தைதானே, இந்த மட்டில் போயிற்று என்றார்கள். வயிறு திறந்ததே பெரிது என்றார்கள். ஆறுதல் சொல்வதற்கும் எங்கள் சனங்களிடம் ஒரு ஒழுங்கு இருக்கிறது. அதிலும் ஓட்டை கிடையாது. என் மனைவி எல்லோருக்கும் தலையசைத்தாள். அழவில்லை. அவர்கள் போன பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் எழவே இல்லை. நான் கட்டிலோரம் நின்று பார்த்தேன். எனக்குத் தெரிந்த எதுவும் அங்கே உதவாது என்று கண்டுகொள்ளும் அளவுக்கு மட்டும் படித்திருந்தேன்.

ஞாயிறன்று நாத்தனார் வந்தாள். ஆறுதல் சொல்லவில்லை. கூடத்தைப் பெருக்கினாள், தண்ணீர் இறைத்தாள், கஞ்சி வைத்தாள். பிறகு சீப்பை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போனாள்.

"எந்திரிங்க. தலையப் பாரு, குருவி கூடு கட்டப் போவுது. அண்ணன் பயந்துபோய்க் கிடக்காரு."

"போடி."

"எந்திரிங்கங்குறேன்ல."

என் மனைவி சீப்பைப் பிடுங்கி அவள் மேல் எறிந்தாள். அது நெற்றியில் பட்டது. அவள் குனிந்து அதை எடுத்துக்கொண்டு மறுபடி வந்து நின்றாள்.

"இன்னும் ஏதாச்சும் இருந்தா எறிங்க. என்னோடதும் நமுனுகுலை மண்ணுக்குள்ளதான் கெடக்கு அண்ணி. அது பொறந்து கண்ணு முழிச்சுப் பாத்துட்டுப் போச்சு. எறியுறதுக்கு எனக்கு ஆளு இல்ல."

அவளுக்கு ஒரு பிள்ளை இருந்ததே எங்களுக்கு அன்றுதான் தெரியும். என் மனைவி எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் தோளில் கைபோட்டுக்கொண்டு அழுதார்கள். நான் வெளியே போய்க் கிணற்றடியில் நின்றேன். நெடுநேரம் கழித்து எட்டிப் பார்த்தபோது, என் மனைவி முழங்காலைக் கட்டிக்கொண்டிருக்க, அவள் பின்னால் உட்கார்ந்து சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். "இழுக்காதடி பாவி" என்று என் மனைவியின் குரல் கேட்டது. அந்தக் குரல் திரும்பிவிட்டது என்று எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அடுத்தது தங்கும் என்றார்களே, அடுத்தது வரவே இல்லை. வருடங்கள் போயின. இரண்டு பெண்களுக்கும் நரைத்தது. பிறகு என் மனைவிக்கு நெஞ்சுநோய். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவனுக்கு ஒரு தண்டனை உண்டு. டாக்டர் சொல்லாமல் விட்டதும் அவனுக்குப் புரிந்துவிடும்.

அவள் இறந்தது ஒரு வேலை நாளில். நமுனுகுலைப் பக்கம் சாமான் ஏற்றிப்போன வண்டிக்காரனிடம் சொல்லியனுப்பினேன். நாத்தனார் வந்து சேர்ந்தபோது வீடு நிறையச் சொந்தக்காரர்கள். உள்ளே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கட்டி அழுதுகொண்டிருந்தார்கள். சுமங்கலியாகப் போனவள், பூவும் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

அவள் படியேறப் போனாள். அண்ணன் குறுக்கே வந்தார். அவள் யாரென்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"இது யாரு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"என் தங்கச்சி" என்றேன்.

"பொறந்தப்போ நான் பாக்கலியே. தாலியறுத்தவ, தோட்டத்துப் பொம்பளை, சுமங்கலிப் பொணத்துக்கிட்டப் போறதா? பொம்பளைங்க எல்லாம் எந்திரிச்சுப் போயிருவாங்க. எடுக்குறதுக்கு ஆள் வேணுமா வேண்டாமா?"

"போகிறவர்கள் போகட்டும்" என்றேன். அவள் கையைப் பிடித்தேன். உள்ளே அழுகை நின்றுவிட்டது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நிஜமாகவே எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

அவள் என் கையிலிருந்து தன் கையை விடுவித்துக்கொண்டாள்.

"வேணாம்ணே. இன்னைக்கு வேணாம். அண்ணி நாலு பேரு அழ நல்லபடியாப் போகட்டும். நான் உள்ள வந்து, அதுக நிறுத்திப்புட்டா, அண்ணிக்குத்தானே கொறச்சல்?"

இத்தனை நாள் வாயால் சண்டை போட்டே தன் இடத்தை வாங்கியவள், அன்று ஒரு வார்த்தை சண்டை போடாமல் அதை விட்டுக்கொடுத்தாள். கொல்லைப்பக்கம் சுற்றிப்போய் அடுக்களைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தனியாக அழுதாள். அவள் தோளில் கைபோட அந்த வீட்டில் அன்று யாரும் இல்லை. போட்டிருக்கக்கூடியவள் கூடத்தில் படுத்திருந்தாள். பாடை தெருமுனை திரும்பும்வரை பின்னாலேயே வந்தவள், அங்கே நின்றுவிட்டாள். நான் சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது இல்லை.

அடுத்த மாதம் அவள் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. மழை என்று நினைத்தேன். மழை விட்டது. பிறகு நானே போனேன். தெமோதரைப் பக்கம் போகிற வண்டியில் பாதி வழி, மிச்சம் நடை. அவ்வளவு வருடங்களில் நான் அந்த லயத்துக்குப் போனதில்லை. பிறந்த வீடு இருந்த இடத்தில் இருக்கும், பெண்தான் வருவாள்.

என்னைக் கண்டதும் லயத்துப் பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். அவள் ஒரு பலகையைக் கொண்டுவந்து வாசலில் போட்டாள். உள்ளே கூப்பிடவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எட்டத் தள்ளி நின்றாள்.

"ஏன் வரவில்லை?" என்றேன்.

"அண்ணி இல்லாத வீட்டுக்கு நான் வந்து போனா கடத்தெரு என்ன பேசும்ணே? இங்க லயம் என்ன பேசும்? அண்ணி இருக்கையில நான் நாத்தனா. இப்ப வந்தா நான் யாரு?"

"என் தங்கச்சி."

"அது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும்." பக்கத்து வாசல்களைக் கண்ணால் காட்டினாள். "அண்ணி வாயாலதான் அத ஊரு நம்புச்சு."

அவள் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. எனக்குப் பிழை கண்டுபிடிக்கத் தெரியும், தேடிப் பார்த்தேன். பிறந்த வீட்டுக்கு அவளை வரவைத்தது சேலை போர்த்திய நான் என்றுதான் நினைத்திருந்தேன். கதவைத் திறந்து வைத்திருந்தவள் வேறொருத்தி. இனி என் தங்கச்சிக்கு இந்தத் தீவில் போக ஒரு வீடு இல்லை. எனக்கு வீடு இருந்தது. வர ஆள் இல்லை.

"ஊர் பேசிவிட்டுப் போகட்டும்" என்றேன். "அடுத்த ஞாயிறு வா."

"வந்தா யாருகிட்டண்ணே சண்டை போடுறது?" என்றாள்.

"என்னிடம் போடு."

அவள் என்னைப் பார்த்தாள். போட்டுப் பார்க்கலாம் என்றுதான் நினைத்திருப்பாள். குரலை உயர்த்திக்கொண்டாள். "சட்டையப் பாரு. கழுத்துப் பட்டியெல்லாம் அழுக்கு. கந்தோருக்கு இப்பிடியேதான் போறீங்களா? கேக்க ஆளு இல்லைன்னு..." அதற்கு மேல் வரவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "உங்ககிட்ட வரலண்ணே" என்றாள்.

நான் எழுந்தேன். தேத்தண்ணி பாதி மிச்சமிருந்தது. "அதக் குடிச்சிட்டுப் போங்க" என்றாள். நின்றபடியே குடித்தேன். ஆறிப்போயிருந்தது. தம்ளரை வாங்கிக்கொண்டு, மலையிலிருந்து பீலி வழியாக விழுகிற தண்ணீரில் கழுவப் போனாள். கழுவி முடித்து நிமிர்வாள் என்று பாதையில் சற்று நேரம் நின்றேன். கழுவிக்கொண்டே இருந்தாள். மூடுபனி இறங்கத் தொடங்கியது. நான் இறங்கி வந்துவிட்டேன்.